உலகப் பெரிப் பழச் சந்தை: வளர்ச்சியும் சவால்களும், நமது வியாபாரிகளுக்கான பாடங்களும்

கடந்த சில மாதங்களாக இப்பகுதியை வாசிக்கும் இளம் வியாபாரிகள் பலர் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்கின்றனர். "நானா, கொழும்பு சுப்பர் மார்க்கெட்டுகளில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் புளூபெரி வைத்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடி கூட இருக்காது, விலையோ ஒரு கிலோ அப்பிளை விட அதிகம். இதை இறக்குமதி செய்தால் நல்ல இலாபம் வருமா?" என்பது ஒரு கேள்வி. "நுவரெலியாவில் காணி எடுத்து ஸ்ட்ரோபெரி போட்டால் என்ன?" என்பது இன்னொரு கேள்வி.

இரண்டுக்கும் ஒரே வசனத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழ வியாபாரத்தோடு உறவு வைத்திருப்பவன் என்ற வகையில் ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு பொருளின் விலை அதிகம் என்பதும் அதில் இலாபம் அதிகம் என்பதும் ஒன்றல்ல. விலை ஏன் அதிகம் என்று தெரிந்த பிறகுதான் அந்த இலாபம் யாருடைய கைக்குப் போகின்றது என்பது தெரியும். எனவே உலக மட்டத்தில் இந்தப் பழ வியாபாரம் எப்படி வளர்ந்தது, யார் உழைத்தார்கள், யார் விழுந்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். நம் நாட்டு விடயத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்.

பெரி என்றால் எவை?

வியாபார உலகில் பெரிப் பழங்கள் என்று பேசும்போது பிரதானமாக நான்கைக் குறிப்பிடுவர். ஸ்ட்ரோபெரி, புளூபெரி, ராஸ்பெரி, பிளாக்பெரி என்பனவே அவை. அமெரிக்க சுப்பர் மார்க்கெட்டுகளில் பழங்களின் விற்பனைப் பெறுமதியில் முன்னணியில் நிற்பது இந்த வகைதான். வாழைப்பழமும் அப்பிளும் பல தலைமுறையாக இருந்த இடத்தை இந்தச் சின்னப் பழங்கள் பிடித்துக்கொண்டன.

இதற்குக் காரணங்கள் உண்டு. தோல் உரிக்க வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை, கொட்டை துப்ப வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாடசாலைப் பெட்டியில் அப்படியே வைத்து அனுப்பலாம். உடல் நலத்துக்கு நல்லது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. மூடியுடன் கூடிய தெளிவான பிளாஸ்டிக் பெட்டி வந்ததும் பழம் நசுங்காமல் தோட்டத்திலிருந்து வீடு வரை வர வழி பிறந்தது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, வருடத்தின் 12 மாதமும் கடையில் பழம் கிடைக்கும் நிலை உருவானதுதான். கோடையில் மட்டும் கிடைக்கும் பழத்தை வாடிக்கையாளர் எப்போதாவது வாங்குவார். ஒவ்வொரு வாரமும் கிடைத்தால் அது வீட்டின் வாராந்தச் சாமான் பட்டியலில் ஏறிவிடும். பழக்கமாகிவிட்ட பொருளின் விற்பனைதான் நின்று நிலைக்கும். இதை நாம் அரிசியிலும் தேயிலையிலும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு தகவல். புளூபெரி காட்டில் விளைந்த பழம். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் பிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் 1911இல் சேர்ந்து முயற்சியைத் தொடங்கினார்கள். காட்டுச் செடிகளில் பெரிய பழம் தருபவற்றைத் தேடி எடுத்து இனவிருத்தி செய்து 1916இல் முதலாவது விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். நூறு வருடத்துக்குச் சற்று அதிகமான வரலாறு மட்டுமே உள்ள ஒரு பயிர் இன்று கண்டங்களைத் தாண்டி ஓடுகின்றது.

பாலைவனத்தில் விளைந்த டொலர்

இந்த வியாபாரத்தின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள பெரு நாட்டை விடச் சிறந்த உதாரணம் இல்லை. (பெரு என்பது தென் அமெரிக்க நாட்டின் பெயர், பெரி என்பது பழம், வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2010ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் புளூபெரி சொல்லும்படியான ஏற்றுமதிப் பயிராக இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டளவில் சிலியைப் பின்தள்ளி உலகின் முதல்நிலை புளூபெரி ஏற்றுமதி நாடாகியது. 2024இல் அதன் புளூபெரி ஏற்றுமதி வருமானம் 200 கோடி டொலரைத் தாண்டியது. பத்துப் பதினைந்து வருடங்களில் இப்படி எழுந்து நின்ற விவசாய ஏற்றுமதிகள் உலகில் மிகக் குறைவு.

இது எப்படி நடந்தது? பலர் நினைப்பது போல அதிர்ஷ்டத்தால் அல்ல. நான்கு விடயங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது தண்ணீர். பெருவின் வடக்குக் கரையோரம் மழையற்ற பாலைவனம். அந்தீஸ் மலையிலிருந்து வரும் நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டு வந்தார்கள். லா லிபர்த்தாத் பிரதேசத்தில் சவிமோச்சிக் திட்டம், லம்பயேக்கே பிரதேசத்தில் ஒல்மோஸ் திட்டம் என்பன அவை. ஒல்மோஸ் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுமார் 20 கிலோமீற்றர் சுரங்கம் அமைத்தார்கள். 2014இல் அந்த நீர் வயல்களுக்கு ஓடத் தொடங்கியது.

இரண்டாவது செடியின் வர்க்கம். பழைய புளூபெரி வர்க்கங்களுக்குக் கடும் குளிர்காலம் தேவை. குளிர் அதிகம் வேண்டாத வர்க்கங்களை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1998இல் வெளியிட்ட பிலோக்சி. பெருவின் முதற்கட்டத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த பிலோக்சியில்தான் எழுந்தன. குளிர்காலமே இல்லாத இடத்தில் செடி உறங்குவதில்லை. கிளை வெட்டும் காலத்தை மாற்றினால் அறுவடைக் காலத்தையும் மாற்றலாம்.

மூன்றாவது காலம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளூர் விளைச்சல் முடிந்து, சிலியின் பழம் வந்து சேர முன்னர், செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை ஒரு வெற்றிடம் இருந்தது. விலை உச்சத்தில் நிற்கும் காலம் அது. பெரு தனது அறுவடையை அந்த வெற்றிடத்துக்குள் கொண்டு போய் வைத்தது. நமது பாஷையில் சொன்னால், அடுத்தவன் கடை பூட்டியிருக்கும் நேரம் பார்த்துக் கடை திறந்தார்கள்.

நான்காவது சட்டம். 2000ஆம் ஆண்டில் விவசாய ஏற்றுமதிக்கு வரிச் சலுகையும் தொழிலாளர் விதிகளில் தளர்வும் தரும் சட்டம் ஒன்று கொண்டு வரப்பட்டது. பெரிய கம்பனிகள் துணிந்து முதலிட இது உதவியது. ஆனால் இதே சட்டம் பின்னர் என்ன பிரச்சினையைக் கொண்டு வந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

எழுந்தவர்களும் விழுந்தவர்களும்

பெரு எழுந்தபோது விழுந்த நாடு ஆர்ஜென்டீனா. அதே செப்டெம்பர், ஒக்டோபர் மாத வெற்றிடத்தைப் பெருவுக்கு முன்னர் நிரப்பியது அவர்களே. துக்குமான் போன்ற இடங்களிலிருந்து பழத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். விலை உச்சத்தில் இருந்தவரை விமானக் கூலி பொறுத்தது. பெருவின் பழம் கப்பலில் குளிரூட்டப்பட்ட கொள்கலனில் வரத் தொடங்கியதும் விலை இறங்கியது. விமானக் கூலி கொடுத்தவன் கப்பல் கூலி கொடுத்தவனோடு போட்டியிட முடியாமற் போனது. ஆர்ஜென்டீனாவில் பல தோட்டங்கள் சுருங்கின.

சிலிக்கு வேறு விதமாக அடி விழுந்தது. அவர்களுடைய பல தோட்டங்களில் இருந்தவை பழைய வர்க்கங்கள். நீண்ட கடற்பயணத்தில் பழம் மிருதுவாகி இறங்கியது. 2021, 2022 காலத்தில் உலகளாவிய கப்பல் நெருக்கடியால் பயணம் மேலும் தாமதமானபோது பிரச்சினை பெரிதாகியது. வாங்குபவன் கையில் உறுதியான பெருவியப் பழம் இருக்கும்போது மிருதுவான பழத்துக்கு விலை எங்கே? செடியைப் பிடுங்கிப் புது வர்க்கம் நட வேண்டிய கட்டாயம் சிலியின் தோட்டக்காரர்களுக்கு ஏற்பட்டது.

இங்கே நம் வியாபாரிகளுக்கு ஒரு பாடம் உண்டு. விலை அதிகமாக இருக்கும் காலத்தில் மட்டுமே தாங்கக்கூடிய செலவை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரத்தை நிரந்தரம் என்று நம்பக் கூடாது. உயர்ந்த விலை உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. உங்களை விட மலிவாகக் கொண்டு வரக்கூடியவன் கண்ணுக்கும் அது தெரியும்.

பழத்தின் உயிர் குளிரில்

மாங்காயைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்கலாம். வாழைக்குலையைப் பச்சையாக ஏற்றி இறக்கிய இடத்தில் பழுக்க வைக்கலாம். பெரிப் பழங்களில் இந்த வித்தை செல்லாது. ஸ்ட்ரோபெரியைப் பறித்த பிறகு நிறம் கொஞ்சம் மாறலாம், இனிப்புக் கூடாது. பழுத்த பிறகே பறிக்க வேண்டும். பறித்த நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கும்.

ஆகவே பறித்தவுடன் வெப்பத்தை இறக்க வேண்டும். இயன்றவரை ஒரு மணித்தியாலத்துக்குள் குளிரறைக்குப் போய், பின்னர் பூச்சியப் பாகை செல்சியஸ் அளவில், 90 முதல் 95 வீத ஈரப்பதனில் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் விதி. அந்த நிலையில் ராஸ்பெரிக்குச் சில நாட்கள், ஸ்ட்ரோபெரிக்கு ஒரு வாரம் அளவு, புளூபெரிக்குச் சில வாரங்கள் ஆயுள் உண்டு. வழியில் எங்காவது ஓர் இடத்தில் குளிர் அறுந்தால் பழத்தின் மேல் நீர் கோர்க்கும், சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பழத்தில் பிடித்தது பெட்டி முழுவதும் பரவும்.

இந்த ஆயுள் வித்தியாசம்தான் உலக வியாபாரத்தின் வரைபடத்தையே தீர்மானிக்கின்றது. புளூபெரி கப்பலில் போகலாம். அதனால் பெரு உலகத்துக்கு விற்கின்றது. ராஸ்பெரியும் ஸ்ட்ரோபெரியும் அவ்வளவு தூரம் தாங்கா. அதனால் அமெரிக்காவுக்கு மெக்சிக்கோவிலிருந்து லொறியில் போகின்றன, வட ஐரோப்பாவுக்கு ஸ்பெயினிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் லொறியில் போகின்றன. தூர தேசத்துக்கு விமானம்தான் வழி. பழத்தின் ஆயுளும் வாகனத்தின் வேகமும் பொருந்தினால்தான் வியாபாரம்.

2024 நவம்பரில் பெருவின் சன்காய் துறைமுகம் சீனக் கம்பனியின் முதலீட்டில் திறக்கப்பட்டது. சீனாவுக்கான நேரடிப் பயணம் சுமார் 23 நாட்களாகக் குறைந்தது. முன்பு அதை விடப் பத்து நாளளவு அதிகம் எடுத்தது. இரும்புச் சாமானுக்கு பத்து நாள் ஒரு பொருட்டல்ல. புளூபெரிக்கோ அது கடைத்தட்டில் கிடைக்கும் பத்து நாள் ஆயுள். ஆனால் சீனாவும் சும்மா இருக்கவில்லை. யுனான் மாகாணத்தில் பெருமளவில் நட்டு, நடுகைப் பரப்பில் உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இன்றைய வாடிக்கையாளன் நாளைய போட்டியாளன் ஆகலாம்.

சவால்கள் எவை?

வளர்ச்சியைப் பேசுவோர் பலர் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை. ஐந்து விடயங்களைக் குறிப்பிடுகிறேன்.

ஒன்று, காலநிலை. 2023இல் எல் நினோ காரணமாக பெருவின் வடக்குக் கரையோரத்தில் வழமையை விட வெப்பம் கூடியது. செடிகள் பூப்பது பிந்தியது. உச்சக் காலத்தில் சில வாரங்களில் ஏற்றுமதி முந்திய வருடத்தின் பாதிக்கும் கீழே இறங்கியது. விலை கிடுகிடுவென ஏறியது. பழம் கையில் இருந்தவன் சம்பாதித்தான். பழம் இல்லாதவன் விலை ஏறியதை வேடிக்கை பார்த்தான். அடுத்த பருவத்தில் விளைச்சல் பெருகியதும் விலை திரும்ப இறங்கியது. ஒரே வருடத்தின் விலையைப் பார்த்து முதலிடுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு, தண்ணீர். ஸ்பெயினின் ஹுவெல்வா மாகாணம் ஐரோப்பாவின் ஸ்ட்ரோபெரிக் களஞ்சியம். அதன் அருகில் தொன்யானா என்ற உலகப் புகழ்பெற்ற ஈரநிலம் இருக்கின்றது. அனுமதியற்ற கிணறுகள் மூலம் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது. அந்த நீரைப் பாதுகாக்க ஸ்பெயின் தவறிவிட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய சுப்பர் மார்க்கெட்டுகளும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கின. பழம் நல்லதாக இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

மூன்று, கூலி. புதிய பழமாக விற்பதற்கான பெரியைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்க வேண்டும். செலவில் பெரும் பகுதி பறிப்புக் கூலியே. 2015 மார்ச்சில் மெக்சிக்கோவின் சன் குயின்தின் பகுதியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் அறுவடைக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். 2020 டிசெம்பரில் பெருவின் விவசாயத் தொழிலாளர் பிரதான நெடுஞ்சாலையை மறித்தனர். மேலே நான் குறிப்பிட்ட 2000ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் சம்பளத்தைக் கீழே வைத்திருக்கின்றது என்பதே அவர்களது குறை. உயிரிழப்பும் ஏற்பட்டது. பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டு வந்தது. உழைப்பவனின் வயிற்றில் அடித்துச் சேர்த்த இலாபம் ஒரு நாள் வீதியில் கணக்குக் கேட்கும். நமக்கும் இது பொருந்தும்.

நான்கு, நம்பிக்கை. 2018 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்ட்ரோபெரிப் பழங்களுக்குள் தையல் ஊசிகள் கண்டெடுக்கப்பட்டன. சில பெட்டிகளில் நடந்த விஷமம் நாடு முழுவதும் விற்பனையைச் சரித்தது. எந்தத் தவறும் செய்யாத விவசாயிகள் தொன் கணக்கில் பழத்தைக் கொட்டினார்கள். 2016இல் அமெரிக்காவில் பரவிய ஹெப்படைடிஸ் ஏ நோய் எகிப்திலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ரோபெரியோடு தொடர்புபட்டதாகக் கண்டறியப்பட்டது. 2022இல் புதிய ஸ்ட்ரோபெரியாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே நோய் பரவியது. சமைக்காமல், தோல் உரிக்காமல் உண்ணும் பழம் இது. பறிப்பவரின் கை சுத்தமும், தோட்டத்தில் மலசலகூட வசதியும், கழுவும் நீரின் தரமும் வியாபாரத்தின் அத்திவாரம். எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் திகதியில் வந்தது என்ற பதிவு இல்லாதவன், பிரச்சினை வரும்போது தன் குற்றமின்மையை நிரூபிக்க முடியாமல் நிற்பான்.

ஐந்து, உரிமையும் விதிகளும். புதிய வர்க்கங்கள் பெரும்பாலும் காப்புரிமை பெற்றவை. செடி வாங்கும்போதும், சில ஒப்பந்தங்களில் விற்கும் பழத்தின் அளவுக்கேற்பவும் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். கலிபோர்னியாவின் டிரிஸ்கோல்ஸ் போன்ற கம்பனிகள் தங்கள் வர்க்கங்களைச் சந்தையில் எல்லோருக்கும் விற்பதில்லை. ஒப்பந்தத் தோட்டக்காரர்களிடம் மட்டுமே வளர்க்கின்றன. வரி விதிகளும் ஒரே இரவில் மாறலாம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா பல நாடுகளுக்கும் போலவே பெருவின் பொருட்களுக்கும் 10 வீத மேலதிக வரி விதித்தது. இவற்றோடு பொதி விதிகளும் வருகின்றன. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த புதிய பழங்களை ஒரு முறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொதியில் விற்பதை 2030 முதல் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டு வந்துள்ளது. சில விலக்குகளுக்கும் அதில் இடமுண்டு. பெரியை வளர்த்துவிட்டதே அந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கழிவுக் கணக்கு

இனி நம் கடைக்கு வருவோம். அழியும் பொருளின் கணக்கை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். இவை விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்த எண்கள், சந்தை விலைகள் அல்ல.

ஒரு பெட்டி 600 ரூபா வீதம் 100 பெட்டி வாங்குகிறோம். முதல் 60,000 ரூபா. ஒரு பெட்டியை 800 ரூபாவுக்கு விற்கிறோம். எல்லாம் விற்றால் 80,000, இலாபம் 20,000. கேட்க இனிமையாக இருக்கின்றது. ஆனால் 15 பெட்டி பழுதானால் கையில் வருவது 68,000; இலாபம் 8,000. 25 பெட்டி பழுதானால் வருவது 60,000, இலாபம் ஒன்றுமில்லை. 30 பெட்டி பழுதானால் 56,000; 4,000 ரூபா நட்டம். இதில் இன்னும் மின்சாரக் கட்டணம், வாகனக் கூலி, ஆள் சம்பளம் சேரவில்லை.

அப்பிளிலும் தோடம்பழத்திலும் பழுது சில வாரங்களில் மெதுவாக வரும். விலையைக் குறைத்தாவது தள்ளிவிட அவகாசம் உண்டு. பெரியில் அந்த அவகாசம் இல்லை. வெள்ளிக்கிழமை நல்லதாக இருந்த பெட்டி திங்கட்கிழமை குப்பைக்குப் போகும்.

அடுத்து, கடன் தவணை. பெரிய கடைகள் பொருள் எடுத்துப் பல வாரங்கள் கழித்தே காசோலை தருகின்றன. சில கடைகள் விற்காததைத் திருப்பியும் அனுப்பும். விமானக் கூலியும் சுங்க வரியும் நாம் முன்கூட்டியே கட்ட வேண்டியவை. பழத்தின் ஆயுள் ஐந்து நாள், பணம் வர நாற்பத்தைந்து நாள் என்றால், இடையில் உள்ள நாற்பது நாளையும் சுமப்பவர் நீங்கள்தான். எனவே திருப்பி அனுப்பும் பேச்சு இல்லை, பொருள் ஏற்கும்போதே எண்ணிப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் இவ்வியாபாரத்தில் இறங்க வேண்டாம்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் குளிரறை வைத்திருந்தவர்கள் டீசலுக்கு எவ்வளவு அலைந்தார்கள் என்பதை நான் நேரில் கண்டேன். மாற்று மின்பிறப்பாக்கி இல்லாத குளிரறை, பூட்டு இல்லாத கடைக்குச் சமம்.

நமக்கு எங்கே இடம் உண்டு?

முதலில் இறக்குமதி. நட்சத்திர ஹோட்டல்கள், கேக் தயாரிப்பாளர், உயர் வருமான வாடிக்கையாளர் என்று ஒரு சிறிய சந்தை இங்கே இருக்கின்றது. சிறிய சந்தை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் ஒரே வாரத்தில் இறக்கினால் நிரம்பி வழியும். ஏற்கெனவே ஹோட்டல்களுக்குப் பழம், காய்கறி கொடுப்பவர்கள் தங்கள் பட்டியலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். இதை மட்டும் நம்பிக் கடை திறப்பது புத்தியல்ல. கேக், ஜூஸ் தயாரிப்போருக்கு உறைந்த பழமே போதும். அது மாதக்கணக்கில் நிற்கும், கொள்கலனில் வரும், கழிவும் குறைவு. நான் என்றால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இரண்டாவது நுவரெலியா ஸ்ட்ரோபெரி. மண்ணும் குளிரும் இருக்கின்றன, ஏற்கெனவே பலர் செய்கிறார்கள், தோட்டத்தைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகள் அங்கேயே வாங்கிச் செல்கிறார்கள். தோட்டத்து வாசலில் விற்கும் பழத்துக்குக் குளிர் லொறியும் வேண்டாம், கடன் தவணையும் வேண்டாம். கொழும்புக்கு இறக்குவதென்றால் ஐந்து ஆறு மணி நேர வளைவுப் பாதை. சாதாரண லொறியில் மரக்கறி மூட்டைகளோடு சேர்த்து ஏற்றினால் வந்து சேர்வது பழமல்ல, ஜாம். அப்படியானால் ஜாமை நுவரெலியாவிலேயே செய்து போத்தலில் இறக்கலாமே என்று யோசிப்பவர்தான் வியாபாரி. முதல் தரப் பழத்தைப் பழமாகவும், இரண்டாம் தரத்தை ஜாம், கூழ் ஆகவும் பிரிக்கத் தெரிந்தவருக்குக் கழிவுக் கணக்கு பாதியாகும். செடி நடுவதற்கு முன் சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வர்க்கம் பற்றிக் கேட்டறிவது நல்லது.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். உலகெங்கும் ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரி, புளூபெரி ஆகியவற்றை மண்ணில் நடாமல் சாடிகளிலும் பைகளிலும் நடும் முறை வேகமாகப் பரவுகின்றது. புளூபெரிக்கு அமிலத்தன்மையான மண் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் பையில் நடுவதே வழி. அந்தப் பைக்குள் போடுவது என்ன? பெரும்பாலும் தும்புச்சோறு. நம் குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் தும்பு ஆலைகளில் ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து யாருக்கும் வேண்டாமல் கிடந்த அதே தும்புச்சோறு. இன்று அதைக் கழுவி, காய வைத்து, அழுத்திக் கட்டிகளாகவும் நடுகைப் பைகளாகவும் மெக்சிக்கோ, ஐரோப்பா, சீனா என்று அனுப்புகிறோம். உலகில் இதன் முன்னணி ஏற்றுமதியாளர்களில் இலங்கையும் ஒன்று.

பழம் விற்பவனுக்கு எல் நினோ பயம், பூஞ்சணப் பயம், விலை இறங்கும் பயம். நடுகைப் பை விற்பவனுக்கு இவை நேரடியாக இல்லை. பெருவில் நட்டாலும் மொரோக்கோவில் நட்டாலும் பை வேண்டும். ஆனால் இங்கும் தரம்தான் பேசும். பெரிச் செடி உப்பைத் தாங்காது. தும்புச்சோற்றில் உள்ள உப்பை நல்ல நீரில் கழுவி, வாங்குபவர் கேட்டால் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊற வைத்து, அளந்து பார்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் அறிக்கை வைக்க வேண்டும். ஒரு கொள்கலன் உப்போடு போனால் ஒரு தோட்டமே கருகும். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். 2024 இறுதியிலும் 2025இலும் தேங்காய்த் தட்டுப்பாடு வந்தபோது மட்டைக்கும் தட்டுப்பாடு வந்தது. ஆகவே மட்டை வழங்குவோருடன் நிரந்தர உறவு வைத்திருப்பவருக்கே இதில் எதிர்காலம்.

தொடங்க முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தொழிலில் காசு போட நினைப்பவர் ஒரு தாளை எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கட்டும்.

1. பழம் பறித்ததிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை எத்தனை மணித்தியாலம்? அதில் எத்தனை மணித்தியாலம் குளிருக்கு வெளியே?

2. நூற்றுக்கு எத்தனை பெட்டி பழுதானால் எனது இலாபம் பூச்சியமாகும்? எனது உண்மையான பழுது அதற்கு எவ்வளவு கீழே?

3. விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கினாலும் என்னால் தாங்க முடியுமா?

4. என்னிடம் வாங்குபவர் எத்தனை பேர்? ஒருவர் கைவிட்டால் மீதி யாரிடம் போகும்?

5. பணம் எப்போது வரும்? அதுவரை யாருடைய பணத்தில் ஓடுகிறேன்?

6. முதல் தரமாக விற்க முடியாத பழத்துக்கு இரண்டாவது வழி என்ன?

7. இந்தப் பொருளை விற்பதை விட, இந்தப் பொருளை உற்பத்தி செய்பவருக்குத் தேவையானதை விற்பது எனக்கு இலகுவானதா?

ஏழுக்கும் தெளிவான பதில் இருந்தால் இறங்குங்கள். மூன்றுக்கு மேல் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு பருவம் பார்த்துக்கொண்டிருங்கள். சந்தை எங்கும் ஓடிவிடாது. பெருவின் தோட்டக்காரர்கள் நீரையும் செடியையும் காலத்தையும் சரிபார்த்த பின்னரே பெரியளவில் நட்டார்கள். ஆர்ஜென்டீனாவின் பழத்தில் குறை இருக்கவில்லை, கூலிக் கணக்கே அவர்களைத் தள்ளியது. வளரும் சந்தை எல்லோரையும் வளர்க்கும் என்பது தவறான எண்ணம். அடுத்தவர் பெட்டியின் விலையைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் நம்முடைய கழிவையும் கூலியையும் தவணையையும் எண்ணிப் பார்ப்போம். நுவரெலியா ஜாமும் புத்தளத்துத் தும்புச்சோறும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. தும்புச்சோற்றைக் கழுவும் முறை, தரப் பரிசோதனை, வாங்குபவரைத் தேடும் வழி ஆகியவற்றை இன்ஷா அல்லாஹ் இன்னொரு வாரம் விரிவாகப் பார்ப்போம்.